‘பார்வர்ட்’ பட்டனை அழுத்தும் முன்...

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் என்ன செய்வார்கள்? வால்பேப்பரை மாற்றுவார்கள். ஒரு கேம் விளையாடிப் பார்ப்பார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுடன் வீடியோவில் பேசுவார்கள். அடுத்ததாக, போனில் பார்த்துக் கொண்டிருந்த வாட்ஸ்அப் குரூப்புகளைப் பெரிய திரையில் திறந்து வைப்பார்கள்.

பாப்பிரெட்டிப்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் என் சித்தப்பாவும் இதைத்தான் செய்தார். கடைக் கணக்கு எழுதவும், மகளின் கல்லூரிப் படிப்புக்கும் என்று 2024 நவம்பரில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். நான் பெங்களூரில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை செய்வதால், அதனை இயக்கக் கற்றுத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது.

டிசம்பர் 2ஆம் தேதி. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பின், அரூர், ஊத்தங்கரை பகுதிகளில் மழை கொட்டித் தீர்த்த நேரம். விடுமுறைக்கு ஊருக்கு வந்த நான் பெங்களூர் திரும்ப முடியாமல் வீட்டில் இருந்தேன். சித்தப்பா கம்ப்யூட்டர் முன் அமர்ந்து என்னை அவசரமாக அழைத்தார். திரையில் ஒரு படம். ஏரிக்கரை உடைந்து செந்நிறத் தண்ணீர் பாய்கிறது. கீழே எங்கள் பக்கத்து ஏரியின் பெயரைப் போட்டு, இன்னும் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஊருக்குள் வந்துவிடும், அனைவருக்கும் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது.

“தம்பி, இதே சேதி ஏழு குரூப்புல வந்திருக்கு. ஏழு இடத்துல இருந்து சொல்றாங்கன்னா உண்மையாத்தானே இருக்கும்? நானும் கடை குரூப்புல போட்டுடட்டுமா?” என்று கேட்டார். அந்தக் கடை குரூப்பில் சுற்று வட்டார விவசாயிகள் 200 பேருக்கு மேல் இருக்கின்றனர்.

சித்தப்பாவின் கேள்விக்கான பதில்தான் இந்த மாதப் பாடம். இன்டர்நெட் மக்களைத் திரட்டுவது எப்படி, அந்த சக்தி எங்கே நன்மை செய்தது, எங்கே உயிரைப் பறித்தது, கம்ப்யூட்டர் முன் அமர்ந்திருக்கும் நாம் என்ன செய்ய வேண்டும் என வரிசையாகப் பார்க்கலாம்.

ஒரு செய்தி பெருகுவது எப்படி?

முன்பு ஊருக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும் என்றால் தண்டோரா போடுவார்கள். பின்னர் பத்திரிகை, ரேடியோ, டி.வி. வந்தன. இவை எல்லாவற்றிலும் சொல்பவர் ஒருவர், கேட்பவர் பலர். சொல்பவர் யார் என்பது அனைவருக்கும் தெரியும். தவறாகச் சொன்னால் அவரிடம் போய்க் கேட்கலாம்.

இன்டர்நெட்டில் கேட்பவர் ஒவ்வொருவரும் அடுத்த நொடியே சொல்பவராக மாறிவிடுகிறார். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு அனுப்புகிறார். அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேருக்கு அனுப்புகின்றனர். முதல் சுற்றில் 5, இரண்டாவது சுற்றில் 25, பிறகு 125, 625, 3,125, 15,625, 78,125, 3,90,625 என வளர்ந்து, ஒன்பதாவது சுற்றில் 19,53,125 ஆகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி தர்மபுரி மாவட்டத்தின் மொத்த மக்கள் தொகையே சுமார் 15 லட்சம்தான். ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக் கொண்டால் இதற்கு ஒன்றரை மணி நேரம் போதும்.

நடைமுறையில் கணக்கு அப்படியே நடக்காது. பலர் அனுப்ப மாட்டார்கள். ஒருவருக்கே அந்தச் செய்தி நான்கைந்து பக்கங்களில் இருந்து வந்து சேரும். ஆனால் மறுபக்கம், ஐந்து நபர்களுக்குப் பதிலாக ஐந்து குரூப்புகளுக்கு அனுப்பினால் வேகம் பல மடங்காகும். ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம்.

சித்தப்பாவின் கேள்விக்கான பாதி பதில் இதிலேயே இருக்கிறது. ஏழு குரூப்புகளில் வந்தது என்றால் ஏழு பேர் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள் என்று பொருள் இல்லை. யாரோ ஒருவர் எழுதியதன் ஏழு நகல்கள் நம்மிடம் வந்திருக்கின்றன. பத்திரத்தை ஏழு ஜெராக்ஸ் எடுத்தால் ஏழு நிலம் ஆகிவிடாது அல்லவா?

மெரினாவில் நடந்தது

இந்த சக்தியைத் தமிழகம் முழுமையாகப் பார்த்தது 2017 ஜனவரியில். 2014 மே 7 அன்று சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2016 ஜனவரியில் மத்திய அரசு அனுமதி தந்து வெளியிட்ட அறிவிப்புக்கும் கோர்ட் இடைக்காலத் தடை விதித்தது. 2017 பொங்கலும் ஜல்லிக்கட்டு இல்லாமல் கடந்தது. மதுரை மாவட்டம் அலங்காநல்லூரில் ஜனவரி 16 அன்று இரவு முழுவதும் போராட்டம் நடத்தியவர்களை, மறுநாள் 17ஆம் தேதி காலையில் போலீசார் கைது செய்தனர். அந்தச் செய்தி பேஸ்புக், ட்விட்டர், வாட்ஸ்அப் வழியாகப் பரவ, அன்றே சென்னை மெரினா கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் எதிரே இளைஞர்கள் கூடத் தொடங்கினர். இரவில் அங்கே விளக்குகள் அணைந்த போது, ஆயிரக்கணக்கானோர் தங்கள் போன்களின் டார்ச் விளக்கை எரியவிட்ட காட்சியை உலகம் முழுவதும் உள்ள தமிழர்கள் பார்த்தனர். அந்தப் படமே அடுத்த நாள் கூட்டத்தை அழைத்து வந்தது.

அப்போது நான் சேலத்தில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு மாணவன். எங்கள் வகுப்பு குரூப்பில் நான்கு வரிச் செய்தி ஒன்று வந்தது. எந்த இடம், எத்தனை மணி, என்ன எடுத்து வர வேண்டும், என்ன செய்யக் கூடாது. அவ்வளவுதான். அதைப் படித்து நாங்கள் கிளம்பினோம். அழைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. அங்கே போன பிறகுதான், மற்ற கல்லூரி மாணவர்களும் ஏறக்குறைய அதே நான்கு வரிகளைப் படித்து வந்தவர்கள் என்பது தெரிந்தது.

ஜனவரி 21 அன்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. 23 அன்று சட்டசபையில் சட்டமாகவே நிறைவேறியது. அந்தச் சட்டம் செல்லும் என 2023 மே 18 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

இதில் இருந்து மூன்று விஷயங்களை நாம் கற்றுக் கொள்ளலாம். முதலாவது, மக்களைக் கூட்டிய செய்திகள் சுருக்கமாகவும், உடனே செய்யக் கூடிய ஒரு செயலைச் சொல்வதாகவும் இருந்தன. இரண்டாவது, இன்டர்நெட் ஆட்களை அழைத்து வந்தது. அவர்களை அங்கே தங்க வைத்தது அது அல்ல. சாப்பாடும் தண்ணீரும் கொண்டு வந்து கொடுத்த பொது மக்கள், குப்பையைத் தாங்களே அள்ளிய மாணவர்கள், இரவு பகலாகக் காட்டிய டி.வி. சேனல்கள் என எல்லாம் சேர்ந்துதான் அந்தப் போராட்டம் நின்றது. மூன்றாவது, தலைவர் இல்லாமல் கூடிய கூட்டத்திற்கு, எப்போது கலைவது என முடிவு செய்யவும் ஆள் இல்லை. அவசரச் சட்டம் போதும் என்றனர் சிலர். நிரந்தரச் சட்டம் வேண்டும் என்றனர் சிலர். 23ஆம் தேதி காலை போலீசார் கூட்டத்தை அப்புறப்படுத்தத் தொடங்கிய போது சென்னையில் பல இடங்களில் வன்முறை வெடித்தது. ஒரு லட்சம் பேருக்கு ‘வாருங்கள்’ என்று சொல்வது இன்டர்நெட்டில் எளிது. அவர்களை ஒன்றாக முடிவெடுக்க வைப்பது கடினம்.

வெள்ளத்தில் உதவிய பட்டியல்

இதற்கு ஓராண்டுக்கு முன், 2015 டிசம்பர் 1 இரவு சென்னையில் அடையாற்றில் வெள்ளம் பெருக்கெடுத்தது. மின்சாரம் இல்லை. பல இடங்களில் போன் சிக்னலும் இல்லை. அப்போது தன்னார்வலர்கள் இன்டர்நெட்டில் அனைவரும் திறந்து எழுதக் கூடிய ஸ்ப்ரெட்ஷீட்டுகளை உருவாக்கினர். உதவி தேவைப்படுவோர், படகு வைத்திருப்போர், தங்க இடம் தருவோர், உணவு தருவோர் எனத் தனித்தனிப் பட்டியல். வெள்ளத்தில் சிக்காத வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் இப்பட்டியல்களைப் பார்த்து, தேவை உள்ளவரையும் தரக் கூடியவரையும் இணைத்து வைத்தனர். பேஸ்புக், ‘நான் பாதுகாப்பாக இருக்கிறேன்’ என்று ஒரே கிளிக்கில் அறிவிக்கும் வசதியைச் சென்னைக்குத் திறந்துவிட்டது.

அதே நாட்களில் வேறு செய்திகளும் ஓடின. முதலைப் பண்ணையில் இருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றது ஒன்று. பண்ணை நிர்வாகம் அதை மறுக்க வேண்டி வந்தது. சென்னையில் 250 செ.மீ. மழை பெய்யும் என அமெரிக்க நாசா எச்சரித்ததாக இன்னொன்று. அதுவும் பொய். இவற்றுடன் மூன்றாவது ஒரு வகையும் இருந்தது. அது பொய் அல்ல, காலாவதியான உண்மை. ஒரு வீட்டில் மாட்டிக் கொண்டவர்கள் மீட்கப்பட்ட பிறகும், அவர்களைக் காப்பாற்றும்படி கேட்ட செய்தி மட்டும் சுற்றிக் கொண்டே இருந்தால், படகு அந்த வீட்டுக்கே மறுபடியும் போகும். உண்மையில் காத்திருக்கும் வீட்டுக்குப் போகாது. தேதியும் நேரமும் இல்லாத உண்மைச் செய்தியும் ஆபத்தானதே.

நான் அனுப்பிய ஆடியோ

இனிச் சொல்லப் போவது எனக்குச் சொல்லக் கூச்சமான ஒன்று. ஆனால் இந்தப் பாடத்தில் அது இல்லாமல் முடியாது.

2018 ஏப்ரல், மே மாதங்களில் குழந்தை கடத்தும் கும்பல் தமிழகத்தில் நுழைந்துவிட்டது என்று ஆடியோக்களும் வீடியோக்களும் வாட்ஸ்அப்பில் பரவின. மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையில் இருந்து காரில் வந்த ஒரு குடும்பத்தினர், வழியில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தனர். அவர்களைக் கடத்தல்காரர்கள் என்று நினைத்த கூட்டம் சூழ்ந்து தாக்கியதில் 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் பலத்த காயம் அடைந்தனர். சாமி கும்பிட வந்தவர்கள். குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தவர்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

அந்த நாட்களில் நாட்டின் பல பகுதிகளில் பரவிய ஒரு வீடியோவில், பைக்கில் வரும் இருவர் தெருவில் நிற்கும் குழந்தையைத் தூக்கிக் கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். கடைசியில் அவர்கள் குழந்தையைத் திரும்பக் கொண்டு வந்து விட்டு, ஓர் அறிவிப்பு அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டி எடுத்துவிட்டனர். வீடியோவில் இருந்த காட்சி எதுவும் மாற்றப்படவில்லை. வெட்டியதாலேயே அது பொய்யானது.

நான் அப்போது மூன்றாம் ஆண்டு. கல்லூரி குரூப்பில் வந்த ஓர் ஆடியோவை, எங்கள் தெரு இளைஞர் குரூப்புக்கு பார்வர்ட் செய்தேன். கேட்கும் போதே சந்தேகம் இருந்தது. ‘உண்மையாக இருந்தால் என்ன செய்வது, எச்சரிக்கைதானே’ என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, பெட்ஷீட் மூட்டையுடன் வண்டியில் வந்த ஒரு வடமாநிலத்து வியாபாரியை எங்கள் தெருவில் இருபது பேர் நிறுத்திவிட்டனர். அவர் ஆதார் கார்டை எடுத்துக் காட்டியும் விடவில்லை. கூட்டத்தில் ஒருவர், ‘இதோ ஆதாரம்’ என்று போனை உயர்த்தி ஓர் ஆடியோவை ஓடவிட்டார். நான் அனுப்பிய அதே ஆடியோ.

டீக்கடை அக்கா வெளியே வந்து, “மூணு வருசமா வர்ற மனுசன்யா. நான் வாங்கின போர்வைக்கு இன்னும் பாக்கி நூறு ரூவா தரணும்” என்று சத்தம் போட்ட பிறகுதான் கூட்டம் விலகியது. அந்த வியாபாரி அதன் பின் எங்கள் தெருவுக்கு வரவே இல்லை. ஆடியோவைக் குரூப்பில் போட்டது நான்தான் என்று அன்று நான் வாய் திறக்கவில்லை. போளூரில் அந்த டீக்கடை அக்காவைப் போல ஒருவர் அந்த நேரத்தில் இல்லாமல் போனார் என்பதைத் தவிர, இரண்டு இடங்களுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சம்பவங்களை அடுத்து, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இரண்டு மாற்றங்களைச் செய்தது. பார்வர்ட் செய்யப்பட்ட செய்தியின் மேல் ‘பார்வர்டட்’ என்ற குறிப்பு வந்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குரூப்புகளுக்கு மேல் பார்வர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்பாடும் வந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல முறை கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுப்ப முடியும் என மாற்றினர். அதனால் அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாக அந்நிறுவனம் தெரிவித்தது. ஒரு நொடி தடை வைத்தாலே பலர் அனுப்பாமல் விட்டுவிடுகின்றனர் என்பதை இது காட்டுகிறது. அந்தத் தடையை நாமே வைத்துக் கொள்ளலாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

வாட்ஸ்அப்பினால் மட்டும் வந்த வினை என்றும் இதை நினைக்க வேண்டாம். 2012 ஆகஸ்ட்டில், வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவர் என்ற வதந்தி எஸ்.எம்.எஸ். மூலம் பரவியதில், பெங்களூரில் இருந்து ஆயிரக்கணக்கானோர் குவாஹாட்டிக்கு ரயில் ஏறினர். சிறப்பு ரயில்கள் விட வேண்டியதாயிற்று. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் எஸ்.எம்.எஸ். அனுப்ப மத்திய அரசு 15 நாட்கள் தடை விதித்தது. 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாக, தொடர்பில்லாத சம்பவங்களின் வீடியோக்கள் பரவின. பீகார் அரசே ஒரு குழுவை இங்கு அனுப்பி விசாரிக்க வேண்டி வந்தது. கருவி மாறுகிறது, பாதை மாறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

‘நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான எஸ்.வி.சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை 2018ல் பேஸ்புக்கில் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்துவிட்டதாகவும், பின்னர் நீக்கி மன்னிப்புக் கேட்டதாகவும் அவர் தரப்பில் சொல்லப்பட்டது. 2023 ஜூலையில் சென்னை ஐகோர்ட் அந்த வழக்குகளை ரத்து செய்ய மறுத்தது. ஒரு செய்தியைப் பகிர்பவர் அதன் விளைவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது கோர்ட்டின் நிலை. அடுத்த மாதம் சுப்ரீம் கோர்ட்டும் இதில் தலையிட மறுத்தது. எனவே, பார்வர்ட் பட்டனை அழுத்தும் போது அந்தச் செய்தியின் கீழ் நாம் கையெழுத்துப் போடுகிறோம் என்று நினைத்துக் கொள்ளுங்கள்.

ஐந்து நிமிடப் பயிற்சி

போனை விடக் கம்ப்யூட்டரில் சரி பார்ப்பது எளிது. திரை பெரியது, இரண்டு விண்டோக்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். கீழ்க்காணும் வழிகளை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள்.

1. வாட்ஸ்அப்பைக் கம்ப்யூட்டரில் திறக்க: பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் வெப், புள்ளி, வாட்ஸ்அப், புள்ளி, காம் என இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். திரையில் சதுரக் கட்டம் ஒன்று தோன்றும். போனில் வாட்ஸ்அப் மெனுவில் ‘லிங்க்டு டிவைசஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, போன் கேமராவை அந்தக் கட்டத்தின் முன் காட்டவும். பிரவுசிங் சென்டர், அலுவலகம் போன்ற பொதுக் கம்ப்யூட்டரில் இப்படித் திறந்தால், வேலை முடிந்ததும் மறக்காமல் ‘லாக் அவுட்’ செய்திடவும்.

2. அம்புக் குறியைக் கவனிக்க: செய்தியின் மேல் ஓர் அம்புக் குறி இருந்தால், அனுப்பியவர் அதனைத் தானே எழுதவில்லை. இரட்டை அம்புக் குறி இருந்தால், அது பல கை மாறி உங்களிடம் வந்திருக்கிறது. பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. உங்களுக்கு அனுப்பிய மாமாவோ நண்பரோ அதற்குச் சாட்சி இல்லை என்று மட்டும் பொருள்.

3. வாசகத்தைத் தேட: செய்தியில் இருந்து ஒரு வரியை மவுஸ் மூலம் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல், சி அழுத்திக் காப்பி செய்யவும். கூகுள் தேடல் கட்டத்தில் இரட்டை மேற்கோள் குறிகளை இட்டு, அவற்றுக்கு நடுவே கன்ட்ரோல், வி அழுத்தி ஒட்டவும். மேற்கோள் குறி இருந்தால் அதே சொற்கள் அதே வரிசையில் வரும் பக்கங்கள் மட்டும் தேடப்படும். சில ஆண்டுகளுக்கு முன்பே வேறு ஊரின் பெயருடன் அதே வரி வந்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

4. படத்தைத் தேட: படத்தைக் கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்து கொள்ளவும். கூகுள் இமேஜஸ் தளத்தைத் திறந்தால், தேடல் கட்டத்தின் ஓரத்தில் கேமரா ஐகான் இருக்கும். அதில் கிளிக் செய்து படத்தை அப்லோட் செய்தால், அதே படமோ அதைப் போன்ற படமோ உள்ள இணைய தளங்கள் காட்டப்படும். அவற்றில் மிகப் பழைய தேதி எது என்று பாருங்கள்.

5. வீடியோவைத் தேட: வீடியோவை முக்கியமான இடத்தில் நிறுத்தவும். விண்டோஸ் கீ, ஷிப்ட், எஸ் ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்தி, அந்தக் காட்சியைச் சுற்றி மவுஸால் கட்டம் வரையவும். அது படமாகப் பிடிக்கப்படும். அதனை சேவ் செய்து, மேலே சொன்னபடி தேடவும். கராச்சி வீடியோவின் முழு வடிவமும் இன்டர்நெட்டில்தான் இருந்தது. தேடியவர்களுக்குக் கிடைத்தது. நான் தேடவில்லை.

6. நேரில் பார்த்தவரைக் கேட்க: இதற்குக் கம்ப்யூட்டர் தேவை இல்லை. ஆனால் இதுவே முதன்மையானது. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் உங்களுக்குத் தெரிந்தவர் யார்? அவருக்குப் போன் செய்யுங்கள். வெள்ளம், புயல் போன்றவற்றுக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும், மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

ஆடியோவைப் பொறுத்தவரை, அதில் பேசுபவர் தன் பெயர், இடம், தேதி ஆகியவற்றைச் சொல்கிறாரா என்று கேளுங்கள். ‘இன்று’, ‘நேற்று ராத்திரி’, ‘நம்ம ஏரியாவில்’ என்று மட்டும் சொன்னால் அது எந்த ஊருக்கும் எந்த நாளுக்கும் பொருந்தும். பரவுவதற்கு வசதியாக இருப்பதும் அதனால்தான். இப்போது செயற்கை நுண்ணறிவு சாப்ட்வேர்கள் மூலம் ஒருவரின் குரலையும் முகத்தையும் போலியாக உருவாக்க முடிகிறது. எனவே ‘அவர் குரல்தான், நானே கேட்டேன்’ என்பதும் ஆதாரம் ஆகாது.

நீங்களே அனுப்பும் போது

சரி பார்ப்பது பாதி வேலை. உங்களுக்கே ஒரு நாள் உதவி தேவைப்படலாம். ரத்தம் வேண்டும், காணாமல் போனவரைத் தேட வேண்டும், குடிநீர் வராததற்கு ஊரைக் கூட்டி மனு கொடுக்க வேண்டும். அப்போது செய்தியில் இவை இருக்கட்டும்: முழுத் தேதி, நேரம், ஊர், மாவட்டம், உங்கள் பெயர், என்ன தேவை, எதுவரை தேவை. ‘உடனடியாக’ என்று எழுதாமல், ‘12ஆம் தேதி மாலை 6 மணி வரை’ என எழுதுங்கள். தேவை முடிந்ததும், ‘ரத்தம் கிடைத்துவிட்டது, இனிப் பகிர வேண்டாம்’ என்று அதே குரூப்புகளில் ஒரு செய்தி போடுங்கள். போன் எண், குழந்தையின் படம், நோயாளியின் விவரம் ஆகியவற்றை அவசியம் இருந்தால் மட்டும் சேருங்கள். ஒரு முறை வெளியே போனதை முழுவதுமாகத் திரும்பப் பெற முடியாது.

தவறான ஒன்றை அனுப்பிவிட்டீர்களா? சத்தமில்லாமல் நீக்கிவிட்டு இருந்துவிடாதீர்கள். நீங்கள் நீக்குவதற்குள் அடுத்தவர் அனுப்பியிருப்பார். ‘நான் அனுப்பியது தவறு’ என்று அதே இடத்தில் எழுதுங்கள். நான் 2018ல் செய்யத் தவறியது அதைத்தான்.

சித்தப்பா வீட்டில்...

அன்றைக்கு சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் அந்த ஏரிப் படத்தைத் தேடினோம். அதே படம், சில ஆண்டுகளுக்கு முன் வேறு மாநிலத்தில் வந்த வெள்ளம் பற்றிய செய்தியில் இருந்தது. ஆனாலும் படம் பொய் என்பதால் ஏரி பத்திரமாக இருக்கிறது என்று ஆகிவிடாது அல்லவா? ஏரிக்கரை அருகே குடியிருக்கும் மாமாவுக்குப் போன் செய்தோம். குடையுடன் வெளியே போய்ப் பார்த்துவிட்டு, “ஏரி ரொம்பி கோடி போவுது மாப்ள. கரை நல்லாத்தான் இருக்கு” என்றார். 1077க்கும் பேசினோம். கரை உடைந்ததாகத் தகவல் இல்லை என்றனர்.

பின்னர் சித்தப்பா ஒற்றை விரலால் தட்டித் தட்டி, கடை குரூப்பில் இப்படி ஒரு செய்தி போட்டார்: “2.12.2024 காலை 10.30 மணி. ஏரி நிரம்பி உபரி நீர் போகிறது. கரை உடையவில்லை. கரையோரம் இருக்கும் உறவினரிடமும் 1077லும் கேட்டுவிட்டேன். சுற்றி வரும் படம் பழையது, நம் ஊர் இல்லை. ஓடை ஓரத்தில் மாடு கட்டியிருப்பவர்கள் மட்டும் அவிழ்த்து மேட்டுக்குக் கொண்டு போகவும்.” கீழே தன் பெயரையும் போட்டார். டைப் செய்யப் பத்து நிமிடம் ஆனது. அதற்குள் இன்னும் இரண்டு குரூப்புகளில் அந்தப் பழைய படம் வந்து விழுந்தது. இரண்டிலும் அவர் தன் செய்தியையே பதிலாகப் போட்டார். மாலைக்குள் அவருடைய செய்தியே வேறு ஆட்கள் மூலம் அவருக்கு மூன்று முறை திரும்பி வந்தது.

இந்த மாதத்திற்கான பயிற்சி: உங்கள் குரூப்புகளில் கடைசியாக வந்த ஐந்து பார்வர்ட் செய்திகளை எடுத்துக் கொள்ளுங்கள். மேலே சொன்ன ஆறு வழிகளில் சரி பாருங்கள். ஐந்தில் எத்தனை தேறியது என்று குறித்து வைத்துக் கொள்ளுங்கள். அடுத்த முறை பார்வர்ட் பட்டன் அருகே விரல் போகும் போது அந்த எண்ணிக்கை உங்களுக்கு நினைவுக்கு வரும்.